வெல்லம் சுற்றிய சான்றிதழ்

செங்கல்பட்டில் எனக்கு மளிகைக் கடை. கால் விளங்காத என் தம்பியின் வைத்தியச் செலவை வருமான வரியில் கழிக்க டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, கல்லா மேல் வைத்திருந்தேன். வரி அலுவலகம் கிளம்பும் காலையில் அதைக் காணோம்! பொட்டலக் காகிதம் என்று எண்ணி, முந்தின நாள் நானே அதில் வெல்லம் மடித்து மாமல்லபுரத்து மீன்காரம்மாவிடம் கொடுத்தது அப்போதுதான் உறைத்தது. அடித்துப்பிடித்து பஸ் ஏறினேன். மாமல்லபுரத்தில் இறங்கியதும் கூடையோடு அவரே எதிரில் வந்தார்.

“இன்னா பாய், இப்டி ஓடியாற? சீலு குத்தின காயிதமாச்சேன்னு, வெல்லத்த டப்பால கொட்டிட்டுப் பத்திரமா வச்சிகினு கீறேன்!”

எனக்கு உயிரே திரும்பி வந்தது! வரிச்சலுகையும் கிடைத்தது.

இப்போது சான்றிதழ், மருந்து ரசீது எல்லாம் தம்பியின் தலையணை உறைக்குள் இருக்கின்றன. நான் கேட்டால்கூட, “இன்னாத்துக்கு அண்ணே, வெல்லம் மடிக்கவா?” என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துத் தருகிறான்.