முனியாண்டி விழாத ரயில் படங்கள்

சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் ரயில் படம்தான். சாமி அறையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போவேன். மலையடிவாரத்தில் ஒற்றைத் தண்டவாளம் வளைந்து வரும் இடம் ஒன்று உண்டு. டீசல் இஞ்சின் அங்கே புகை கக்கித் திரும்பும்போது எடுத்தால், இஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே படத்தில் விழும்.

அந்த வளைவில்தான் முனியாண்டி இருக்கிறார். தகரக் கூரை, ஓர் அரசமரம், மரத்தடியில் சூலம். சிலை கிடையாது. சூலம்தான் சாமி. பக்கத்தில் ஸ்டேஷனும் இல்லை, ரோடும் இல்லை. ஆனாலும் ரயில் ஓட்டுகிறவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் தாண்டுவார்கள். மலாய்க்கார ஓட்டுநர்களும் அப்படித்தான்.

நான் செருப்பைக் கழற்றி, சூடம் ஏற்றி, சாமிக்குப் பக்கத்தில் நின்று கேமராவை மறுபக்கம் திருப்பித்தான் எடுப்பேன். சாமியைப் படம் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. சூலத்தின் நிழல் விழுந்தால்கூட அந்தப் படத்தை அழித்துவிடுவேன்.

பிறகு ரெட்டைத் தண்டவாள வேலை வந்தது. தோட்டத்து மண்டபத்தில், அந்த வேலையை எடுத்த குத்தகைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். பழைய கோயிலென்றால் தண்டவாளத்து வேலியைத் தள்ளிப் போடுவார்களாம், சமீபத்தில் முளைத்ததென்றால் இடித்துவிடுவார்களாம். கோயில் பூசாரி என்னைத்தான் நம்பியிருந்தார். வருஷக்கணக்காக அங்கே படம் எடுத்தவன் நான் ஒருவன்தானே. ஆல்பங்களைச் சுமந்துகொண்டு போனேன்.

குத்தகைக்காரர்களின் இஞ்சினியர் நம் தமிழ்ப் பிள்ளைதான். மரியாதையாகத்தான் புரட்டினார்.

"அங்கிள், படமெல்லாம் அழகா இருக்கு. ஆனா ஒண்ணுலகூட கோயில் இல்லையே லா."

சாமியை எடுக்க மாட்டோம் என்று விளக்கினேன். அப்படியானால் கோயில் புதிதாக வந்தது என்றுதான் எழுத முடியும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயபக்தியோடு நான் திருப்பிய கேமராவையே சாமிக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறார்களே! ஒவ்வொரு படத்திலும் ஓட்டுநர் முகம் சாமிப் பக்கம் திரும்பியிருப்பதைக் காட்டினேன்.

"யாரப் பாத்து ஹார்ன் அடிக்கிறாங்க தம்பி? செம்பன மரத்தயா?"

"ஹார்ன் படத்துல கேக்காது அங்கிள்."

மண்டபத்தில் நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஆடி மாதம் அங்கே கிடா வெட்டிச் சாப்பிட்டவர்கள்.

அப்போது பூசாரி எழுந்து, அரசமரம் பருத்துப் பருத்துச் சூலத்தின் தண்டைப் பாதி விழுங்கிவிட்டது, நேரில் வந்து பாருங்கள் என்றார். மரம் இரும்பை விழுங்க எத்தனை காலம் ஆகும்! ஆனால் அவர்களுக்கு வர நேரமில்லையாம். படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

மறுநாள் குளித்துவிட்டுப் போனேன். சூடம் ஏற்றினேன். பூசாரியிடம் உத்தரவு கேட்டேன்.

"அவருக்குப் புடிக்கலன்னா கேமராவ அவரே பாத்துக்குவாரு. நீ எடுப்பா," என்றார்.

குனிந்து, மரப்பட்டைக்குள் புதைந்திருந்த சூலத்துக்கு நேராகக் கேமராவை வைத்தேன். அழுத்தும் நேரத்தில் வளைவில் ரயில் வந்தது. ஹார்ன் அடித்தது. சூலமும் இஞ்சினும் ஒரே படத்தில் விழுந்தன.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வேலியைத் தள்ளிப் போட்டார்கள். கோயில் அங்கேயே இருக்கிறது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்கிறார்கள். சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை காலம் காவல் இருந்த சாமியை, ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல நிற்கவைத்து என்னையே எடுக்கவைத்தார்களே. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.