வேன் அக்காவின் விருந்தாளி

வேன் அக்கா முதலில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகுதான் நான் யார், எந்த ஊர் என்று கேட்டார். “ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது தம்பி. இத்தனை நாள் எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ!” என்று கம்பியை லேசாக வளைத்து, துடைத்து, அவரே என் காதில் மாட்டிவிட்டார்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, பழைய வேனில் இந்தத் தேசியப் பூங்காவுக்குத் தன்னந்தனியாக வந்துவிடுவார். பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டிருக்கிறார். ஓர் அடுப்பு, ஒரு வாளி, ஒரு மடக்கு நாற்காலி. காலையில் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன்னால் வேனின் முன்கண்ணாடியைத் துடைக்கிறார். “கண்ணாடியில அழுக்கை வச்சுக்கிட்டு மலையைக் குறை சொல்லக்கூடாது பாருங்க.” மான்கள் ஏரியில் தண்ணீர் குடிக்க வந்தால் போதும், பக்கத்துக் கூடாரங்களை உலுக்கி எல்லோரையும் எழுப்பிவிடுவார். தனிமையைத் தேடி வந்தவர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தனியாக வரப் பயமில்லையா என்று நானும் எல்லோரையும் போலக் கேட்டுவைத்தேன்.

“என்ன பயம்? கடையில நாள் பூரா அடுத்தவங்க கண்ணையே பார்த்துக்கிட்டு இருக்கேன். இங்க வந்தாத்தான் என் கண்ணு எனக்கு.”

வீட்டுக்காரருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. எஞ்சின் சத்தம் கேட்டாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுவாராம். “ரெண்டு வளைவுதான். மனுஷன் தலையை வெளிய நீட்டிருவாரு.” அதனால் சாயங்காலமானால் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்று, பார்த்ததையெல்லாம் போனில் ஒப்பிப்பார் அக்கா. “ஏரி பச்சையா இருக்குன்னா, எந்தப் பச்சைன்னு கேப்பாரு. எனக்கு வாய் வலிச்சிரும்” என்று அலுத்துக்கொள்ளும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

நேற்று பாறையிலிருந்து இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார். “நாளைக்கு வர்றாராம் தம்பி! ரயில்ல வந்து, அங்கருந்து வாடகை சைக்கிள்ல. அது ரெண்டும்தான் அவருக்கு ஆகும்.”

இன்று காலையிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெத்தையை உதறிப் போட்டார். போட்டதை மறுபடி உதறினார். என் நாற்காலியைக் கடன் வாங்கிப்போனார். சந்தோஷம்தான், ஆனாலும் உள்ளுக்குள் ஓர் உதைப்பு. கீழே நின்றால் நாணல் மறைக்கும். வேனின் முன்சீட்டு உயரத்திலிருந்துதான் ஏரி முழுசாகத் தெரியும். “அங்க உக்காந்து பார்த்ததைத்தானே இத்தனை வருஷமா சொல்லியிருக்கேன். வேன்ல ஏற மாட்டேன்னுட்டா அந்த ஏரியை எப்படிக் காட்டுவேன்?”

வெயில் தாழ்ந்ததும் மேட்டுப்பாதையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அக்கா ஓடிப்போய்ச் சைக்கிளை வாங்கிக்கொண்டார். பார்த்த எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

அவர் மூச்சு வாங்கியபடி நாணலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “எங்கேம்மா, நீ சொன்ன பச்சையைக் காணோம்?”

“இங்கருந்து தெரியாதுங்க. ஏறி உக்காருங்க, தெரியும்.”

வேனின் கதவைத் திறந்துவிட்டார். அவர் படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

“இது... நகராதுல்ல?”

அக்கா உள்ளே கையை விட்டுச் சாவியை உருவினார். அதை அவருடைய சட்டைப் பையில் போட்டு, பையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.