துண்டு வீசிய பயிற்சியாளர்

பீங்கான் கம்பெனியில் நானும் அண்ணனும் ஒரே சூளையில் வேலை பார்த்தோம். கூடப் பிறந்தவர் இல்லை. எட்டு வயது மூத்தவர், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பைக்கில் வருவார். இருவருக்கும் குத்துச்சண்டை என்றால் பைத்தியம். இத்தனைக்கும் இருவரும் ஒருநாள்கூடக் கையுறை மாட்டியதில்லை. டீ நேரத்தில் என் போனில் பழைய சாம்பியன்களின் ஆட்டங்களைப் போட்டுவிட்டு, யார் பெரியவன் என்று சத்தம் போடுவோம். கடைசிவரை தோற்காமல் ஓய்வுபெற்றவர்களை அவருக்குப் பிடிக்கும். "சொத்தை ஆளா பாத்து மோதினா நான்கூடத் தோக்க மாட்டேண்ணே" என்பேன் நான்.

அதிகம் முட்டிக்கொண்டது ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான். அதில் ஒரு முன்னாள் சாம்பியன் கண் வீங்கி மூடிய நிலையிலும் கடைசிச் சுற்றுக்கு எழப் பார்ப்பார். அவருடைய பயிற்சியாளரோ தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை மேடைக்குள் வீசி ஆட்டத்தை முடித்துவிடுவார்.

"அந்தாளு துரோகிண்ணே. மூணு நிமிஷம் நின்னிருந்தா ஜெயிச்சிருப்பாரு."

"நின்னிருந்தா செத்திருப்பான்டா. அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுல்ல."

போன கார்த்திகைக்கு முன்பு விளக்கு லோடு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. ஒரு காலையில் டிராலி தள்ளிக்கொண்டிருந்த அண்ணன் சட்டென்று தரையில் உட்கார்ந்தார்.

"தல சுத்துதுடா. இந்தக் கை மரத்த மாதிரி இருக்குது."

எனக்கு விளையாட்டாக இருந்தது. விழுந்தவருக்குப் பத்துவரை எண்ணும் நடுவரைப் போல விரல்களை நீட்டி, "ஒண்ணு... ரெண்டு... எழுந்திருங்க சாம்பியன்!" என்று எண்ணினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழு எண்ணும்போது அவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும், ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் விழுந்துவிட்டார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பதான் சார்."

இரண்டாம் முறை அழுத்திக் கேட்டபோதுதான் உண்மை நேரத்தைச் சொன்னேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள்.

உயிர் பிழைத்தார். பேச்சும் திரும்பியது. இடது கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. வேலைக்கு வர முடியாது என்றாகிவிட்டது.

அவர் வீட்டுக்கு முதல் தடவை போனபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி மட்டும் பக்கத்துல இல்லன்னா இவர நாங்க பாத்திருக்கவே முடியாது." கோழிக் குழம்பு வைத்திருந்தார். எனக்குத்தான் முதலில் போட்டார். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அண்ணி கடைக்குப் போயிருந்தபோது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோணிய சிரிப்பைப் பார்த்தது, டாக்டரிடம் பொய் சொன்னது வரைக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ எண்ணுனது ஞாபகம் இருக்குது. படுத்திருந்தப்ப உன்ன ஓங்கி ஒண்ணு விடணும்னுதான் நெனச்சேன். பொய் சொன்னது இப்பதான் தெரியுது."

"இப்பவாவது அடிங்கண்ணே."

"அவகிட்ட சொல்லிடாத. உன்ன வூட்டுக்குள்ள விட மாட்டா. அப்புறம் எங்கூட பேச யாரு வருவா?"

பையோடு அண்ணி உள்ளே வந்தார். "தம்பி, இருந்து சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்றார். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்று தலையாட்டினேன்.