நான் டைப் செய்த படிவம்

லண்டனில், ஹரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குச் சில காலம் நான் செயலாளராக இருந்தேன். ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை அரை நாள் வாடகைக்கு எடுத்து, அவர்களுடைய நாற்காலிகளில் எங்கள் பிள்ளைகளை இருத்தித் தமிழ் படிப்பிப்போம். அந்தப் பதவியில் கடிதம் எழுதினேன், கூட்டக் குறிப்பு எழுதினேன். ஒருமுறை ஒரு படிவமும் டைப் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கும்.

இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த வாரம் எங்கள் பள்ளித் தலைவருக்கு ஒரு புது உயிர் வந்தது. வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கொரு வீடியோ அனுப்பினார். செத்தவர்களுக்காக அழுதாரா என்றால் இல்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் எழுதியது. எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவருடைய வீரத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த வருடம், கோயிலுக்கே ஆடிக்கொரு தரம் போகிற மனிதர், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வேலைக்குப் போனார். தன்னை முஸ்லிம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். ஸ்டேஷனில் நின்ற வெள்ளைக்காரப் பொலிஸ்காரனுக்கு விபூதி என்ன, வெள்ளைப் பெயின்ட் என்ன? மறித்து அவருடைய பையைக் கிண்டினான். உள்ளே இருந்தது புட்டும் கத்தரிக்காய்க் கறியும். அந்தக் கதையை அவரே பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர் ஒரு முஸ்லிம் பெண். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பள்ளி தொடங்கிய நாள் முதல் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் ஒரு முழுப் பந்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கும். மற்ற வகுப்புகளில் அது நடக்காது.

அடுத்த சனிக்கிழமை அஞ்சலிக் கூட்டம். எங்கள் வழக்கப்படி மூத்த ஆசிரியர்தான் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். தலைவருக்கு அங்கேதான் நெஞ்சு அடைத்தது.

"அவ கொளுத்தினால் சனம் என்ன சொல்லும்? முதல்ல ஒரு படிவம் நிரப்பித் தரட்டும். பிறகு பாப்பம். தங்கச்சி, நான் சொல்லச் சொல்ல நீங்கள் அடியுங்கோ" என்றார்.

நான் அடித்தேன். தகப்பன் பிறந்த ஊர். சகோதரர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள். எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறீர்கள். மத்திய கிழக்கில் யாரைத் தெரியும். சொந்த ஊரை விட்டு வெளியேறிய காரணம். உங்களுக்குப் பொறுப்பு நிற்பவர் யார்.

பாதியிலேயே எனக்கு அந்தக் கேள்விகள் விளங்கிவிட்டன. யுத்த காலத்தில் கொழும்பு லாட்ஜில் தங்கிய ஒவ்வொரு தமிழரிடமும் பொலிஸ் கேட்ட கேள்விகள் அவை. அங்கங்கே பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். அப்போது தனக்குக் கொடுத்த பொலிஸ் பதிவுத் துண்டைத் தலைவர் லாமினேட் செய்து வைத்திருக்கிறார். வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டி, நாங்கள் பட்ட அவமானத்தைப் பாருங்கோ என்று கண்ணீர் விடுவார். அந்தக் கடுதாசியிலிருந்து மனிதர் படித்தது இன்னொருவரிடம் எப்படிக் கேட்பது என்பதை மட்டும்தான். செயற்குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, படிவத்தை வகுப்பு வாசலில் வைத்து ஆசிரியையிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"அக்கா, இதை அடிச்சது நீங்கள்தானே?"

"ஓம். தலைவர்தான்..."

"அவரை விடுங்கோ." அவருடைய குரல் உயரவில்லை. "அந்தக் குண்டு வைச்ச கூட்டம் மாதிரி ஆக்களை உங்களுக்கு முந்தியே எனக்குத் தெரியும் அக்கா. புத்தளத்தில அகதி முகாமில இருக்கேக்க வெளிநாட்டுக் காசில கிணறு கட்டித் தந்தாங்கள். பிறகு அந்தக் கிணத்தடியில நிண்டுகொண்டு, தர்காவுக்குப் போறது பாவம் எண்டு உம்மாவைத் திட்டினாங்கள். உம்மா கட்டியிருந்த தாயத்தை அறுத்தாங்கள். தண்ணியைக் காட்டி எங்களைத் தங்கட அரசியலுக்கு இழுத்தவங்கள். அவங்களில எனக்கிருக்கிற வெறுப்பு இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. ஒருக்கா என்னட்டக் கேட்டிருந்தால் விளக்குக் கொளுத்தேக்க அதைச் சொல்லியிருப்பன்."

அந்தக் கிணற்றடி வீரர்களையும் நான் மனதுக்குள் அளந்து பார்த்தேன். எங்கள் தலைவருக்கும் அவர்களுக்கும் பெரிய தூரமில்லை. ஒரு அகதித் தாயின் தாயத்தை அறுத்தவர்கள் அவர்கள். ஒரு ஆசிரியையிடம் பொறுப்பு நிற்பவர் யார் என்று கேட்கிறவர் இவர். பயந்த சனம் கிடைத்தால் இரண்டு சாராருக்கும் கொண்டாட்டம்தான்.

சொன்னேனா? இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் வைத்து எல்லாவற்றையும் நிரப்பினார். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிற அதே சிவப்புப் பேனா. என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்த் தன் மேசையை ஒதுக்கத் தொடங்கினார்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஊரை விட்டு வெளியேறிய காரணம் என்ற இடத்தில் ஒரு வரி இருந்தது: "நீங்கள் போகச் சொன்னீர்கள்."

"நீங்கள் எண்டு ஆரைச் சொல்றா?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

அவர் கேட்டது நடிப்பா, மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மறதி இல்லை. தொண்ணூறாம் ஆண்டு, எங்களுக்காகப் போராடிய இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியபோது எனக்குப் பதினாலு வயது. அவர்கள் விட்டுப்போன சாமான்களை இயக்கமே பிறகு கடை போட்டு விற்றது. என் அம்மா ஒரு தையல் மெஷின் வாங்கினார். நல்ல மெஷின். அதன் இழுப்பு லாச்சிக்குள் பாதி தைத்த ஒரு சின்னச் சட்டை கிடந்தது. நான் தைக்கப் பழகியது அந்த மெஷினில்தான். அந்தச் சட்டையைத்தான் முதலில் தைத்து முடித்தேன். என் தங்கைக்கு அளவாக இருந்தது.

"தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அஞ்சலியில் விளக்கைத் தலைவரே ஏற்றினார். அன்று பின்னேரம் கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொண்டார் என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.