ஏஐ தோசைக்கல்லும் என் மந்தக் காதும்

இருபத்திரண்டு வருடம் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததில் என் காது மந்தமாகிவிட்டது. ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டே மகள் ஜெனி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் பதில் சொல்கிறாள். அவள் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பெங்களூர் கண்காட்சிக்கு ஏஐ காது மிஷின் வருகிறது என்றதும் போன சனிக்கிழமை இருவரும் கிளம்பிவிட்டோம். புதுக் கருவி என்றால் எனக்குப் பைத்தியம், முதல் நாள் தூக்கமே இல்லை.

எங்கள் ஊர் தங்கவயலில் ஏழரை ரயில் பிடித்து, ஒன்பது இருபதுக்கு வைட்ஃபீல்டில் இறங்கினோம். பெங்களூர் மெயின் ஸ்டேஷன் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்பாதீர்கள், வீண் அலைச்சல். வைட்ஃபீல்டிலிருந்து கண்காட்சிக்கு ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். டிரைவர் பெங்களூர் நீலசந்திராத் தமிழர்.

"போன தபா ஏஐ சீப்பு காட்டினாங்களாம்ணா. நமக்கு முடியே இல்ல, சீப்புக்கு எங்க போறது?" என்றாராம். ஜெனி என் இடது காதில் கத்திச் சொன்னாள்.

கண்காட்சிக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், தாகம் எடுத்தால் போனில் சொல்லுமாம். எனக்குத் தாகம் எடுத்தால் எனக்கே தெரியாதா? ஏஐ தோசைக்கல் இன்னும் ஜோர். தோசை கருகி முடிந்தபின், திருப்பிப் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. கிண்டல் செய்துகொண்டே ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்தேன், அத்தனை குஷி.

காது மிஷின் கடையில் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஏஐ மிஷினை மாட்டிவிட்டார்கள். நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். ஊசி விழுந்தால்கூடக் கேட்டது. கார்டை எடுத்தேவிட்டேன்.

"வெளிய வந்து போட்டுப் பாருப்பா," என்றாள் ஜெனி.

வெளியே வந்தால் பக்கத்துக் கடை மைக் மட்டும் கணீரென்று கேட்டது. ஜெனிக்கு வாய்தான் அசைந்தது.

"அது போகப்போகக் கத்துக்கும் சார். ரெண்டு மாசம் டைம் குடுங்க," என்று விற்பனையாளர் காதருகே வந்து கத்தினார்.

அதே கடையின் மூலையில் ஏஐ இல்லாத பழைய மாடல் ஒன்று இருந்தது. பதினாறாயிரம் ரூபாய். அதை மாட்டிக்கொண்டு குனிந்து விலைப்பட்டியலைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஜெனி விற்பனையாளரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க. கேக்கலன்னாலும் கேட்ட மாதிரி சிரிப்பாரு. பாக்கவே கஷ்டமா இருக்கும். அதனாலதான் வீட்ல நான் டைப் பண்றேன்."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. என்னோடு பேசச் சலித்துப்போய்த்தான் டைப் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் பழைய மாடலையே வாங்கினேன்.

போகிறவர்கள் காது பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், அதை வைத்துத்தான் பொருத்துவார்கள். கண்ணாடி அறையை நம்பாதீர்கள். யார் குரல் கேட்க வேண்டுமோ அவரைக் கூட்டிப்போய், முதுகுக்குப் பின்னால் நின்று பேசச் சொல்லுங்கள்.

திரும்பும் ரயிலில் வழி நெடுக ஜெனி பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னேன்.