அக்கா வீட்டுப் புதருக்குள் ஒரு தடம்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பேர் போடாமல் பேரூராட்சிக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கி, அதில் என் பேரைத் தெளிவாக எழுதவும் சொன்ன ஆள் மாரண்டஹள்ளியில் நான் ஒருவன்தான். புகார் பக்கத்து வீட்டின் மேல். அது என் கூடப்பிறந்த அக்காவின் வீடு.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறவன் நான். நீங்களும் போகலாம், இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஓர் ஆள் நுழையும் வழி இருந்தது. அக்கா ஒரு காலை லேசாக இழுத்து நடப்பாள். காலையில் களி கிண்டினால் அந்த வழியாக எனக்கு ஓர் உருண்டை சூடாக வந்துவிடும். ஒரு புளியமரம் யாருக்கு என்ற சண்டையில் நான் பெரிய வீரனாட்டம் அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்தேன். அந்தப் பக்கம் கிண்ணத்தோடு நின்றவள், கடைசிக் கல் மறைக்கும்வரை என்னையே பார்த்தாள்.

பிறகு அவள் மகன் அவளை ஓசூருக்குக் கூட்டிப்போனான். மூன்று வருடம் வீடு பூட்டிக் கிடந்து, புதர் மண்டி, பாம்பு வந்து, என் மாடியில் குடியிருந்தவர்கள் ஓட, நான் பெட்டிஷன் போட, கதவில் நோட்டீஸ் ஒட்டி, கெடு முடிந்ததும் ஆட்கள் முள் வெட்ட வந்தார்கள்.

உச்சி வெயிலில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, பூட்டுன வூட்டுல தெனமும் யாருங்க நடக்கறது?"

ஆள் உயரப் புதருக்கு நடுவே, பின்வாசலிலிருந்து ஓரடி அகலத்துக்கு ஒரு தடம். புல் இல்லை, மண் இறுகி வழவழவென்று இருந்தது. நேராக வந்து நான் அடைத்த செங்கல்லில் முட்டி நின்றது.

"கீரிப்பிள்ளைங்க," என்றேன்.

"கீரி ஒத்தக் காலை இழுத்துக்கிட்டா நடக்குது?" அவர் காட்டிய இடத்தில், சுவரோரத்து ஈர மண்ணில், ஒரு பாதமும் பக்கத்தில் இழுத்த கோடும் இருந்தன.

அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "அக்கா இங்க வந்துட்டுப் போச்சா மாப்ள?"

"வெளையாடறீங்களா மாமா? இடுப்பு ஒடஞ்சு ஒரு வருசமா படுத்துக் கெடக்குதுங்க. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுடுச்சு."

எல்லாரும் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்தேன். முதல் குத்திலேயே அது என் கால் மேல் விழுந்தது, நம் வீரம் அவ்வளவுதான். நொண்டிக்கொண்டே அடைப்பை உடைத்து முடித்தேன்.

இப்போது மழை பெய்து இரண்டு பக்கமும் புல் மண்டிவிட்டது. அந்தத் தடத்தில் மட்டும் முளைக்கவில்லை. அது சுவரைத் தாண்டி, என் சமையலறை வாசல் வரை வந்துவிட்டது.

உடைத்த அன்றே, கை மண்ணைக்கூடக் கழுவாமல் ஓசூருக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. என்னால் அழாமல் சொல்ல முடியவில்லை.

"அக்கா, செவுத்த இடிச்சுட்டேன்."

"தெரியும்டா, போனை வெய்யி."