பேச்சை அணைத்து வைத்திருந்தார்கள்

எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் கணினியில் வேலை பார்க்கிறேன். திருவனந்தபுரத்தில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: "இங்க உள்ள சிஸ்டத்துல உங்களால முடியுதான்னு புரொபேஷன் முடியறதுக்குள்ள பாப்போம். இல்லேன்னா போன் எடுக்கிற வேலை தரலாம்." போன் எடுக்கவா நான் இன்ஜினியரிங் படித்தேன்? பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே ஆயத்தமாகக் கிடைக்கிற மென்பொருளை யாரும் போடுவதில்லை. ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜையும் அதன் மூல நிரலிலிருந்து தாங்களே பில்ட் பண்ணுவார்கள். அச்சிடும் வசதி, புளூடூத் என்று ஒவ்வொன்றும் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போதே ஆன், ஆஃப் என்று குறித்துவிட வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டவர் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். வேண்டாததை வெட்டுவதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. நம்ம சிஸ்டம் எவ்வளவு சின்னது பார்த்தேளா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

என் மெஷினில் ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கொடுத்தார். பேசத்தான் செய்தது. ஆனால் எந்தப் பட்டனுக்குப் போனாலும் "விண்டோ, விண்டோ" என்றது.

"பேசறதோல்லியோ? பின்னென்ன?" என்றார்.

"கிளிப்பிள்ளை மாதிரி ஒரே வார்த்தையச் சொல்லுது. இத வச்சு நான் என்னத்த டெஸ்ட் பண்ண? பட்டன் வரையற பேக்கேஜ பில்ட் பண்ணும்போது, எது என்ன பட்டன்னு ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்ற அக்சஸிபிலிட்டிய ஆஃப் பண்ணிட்டீங்களா?"

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா, எல்லாத்துலயும் ஆஃப்தான். இங்க யாருக்கும் வேண்டியிருக்கலையே."

"இப்ப எனக்கு வேணும், சாரே."

ஒரு பேக்கேஜை மட்டும் மாற்றினால் போதாது. அதை நம்பி நிற்கும் அத்தனையையும் திரும்ப பில்ட் பண்ண வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஓடவிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போன மேனேஜர் "ஆயில்லே?" என்று கேட்டார். இன்னும் முடியவில்லை என்றேன்.

சாயங்காலம் ஹெட்போனை மாட்டினேன். "சேவ், பட்டன்" என்றது. அடுத்தது "கேன்சல், பட்டன்". அழுகையே வந்துவிட்டது. அதற்கு அடுத்த பட்டனுக்குப் பெயரே வைக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே நான் கண்டுபிடித்த முதல் பிழையாக அதை எழுதி அனுப்பினேன்.

"உங்க மெஷினுக்கு மட்டும் ஆன்னு வச்சுடறேன். மத்தவாளுக்குப் பழையபடி ஆஃப்" என்றார் அவர்.

"அதெல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் ஆன்ல வைங்க. நாளைக்கு நான் போயிட்டா, அடுத்து வர்றவங்களும் இந்த விண்டோ விண்டோவக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"சரி, வச்சுடறேன். சிஸ்டம் பெருத்துத் தொலையட்டும்." பிறகு எரிச்சலோடு கேட்டார்: "அதுசரி, நீங்க எங்க போகப் போறேள்? நாளைக்கு மிச்சத்த யார் டெஸ்ட் பண்றது?"

அந்த அலுவலகத்தில் நான் நாளைக்கும் வருவேன் என்று எண்ணிப் பேசிய முதல் ஆள் அவர்தான்.